ஐந்து விநாடியில் விழித்த கணினி

கணினியின் விசையை அழுத்திவிட்டுப் பல் துலக்கப் போகிற நண்பர்களை நம் விடுதிகளில் எங்கும் காணலாம். திரும்பி வரும்போதும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். "இதற்கு வயதாகிவிட்டது, வேறு வாங்க வேண்டியதுதான்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையிலேயே கணினிக்கு வயதாகிவிட்டதா? அல்லது அதன் தலையில் ஏற்றிவைத்த சுமைதான் கூடிவிட்டதா? இதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கேள்வி இப்போது எழுவதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த பொதுவான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11, குறைந்தது 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. சேமிப்பிடம், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு ஆகியவற்றைக் கேட்கிறது. 2 ஜி.பி. நினைவகமுள்ள சிறு மடிக்கணினிக்கு அந்த வாயிலில் இடமில்லை. வீட்டிலிருந்து வரும் பணத்தை எண்ணிச் செலவிடும் மாணவனுக்கு இது சிறு செய்தி அன்று.

நம்மில் சிலரிடம் தமிழ்நாட்டு அரசு 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த கணினி இருக்கும். அக்கணினிகள் பலவற்றில் விண்டோசுடன் கூடவே போஸ் லினக்ஸ் என்ற ஒன்றும் இருந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளை உருவாக்கிய திறந்த மூல இயங்குதளம் அது. திறந்த மூலம் என்றால், அதன் நிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம். இந்த உரிமைக்கும் கணினியின் வேகத்துக்கும் என்ன தொடர்பு என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

விசைக்கும் திரைக்கும் இடையே

விசையை அழுத்தியதும் முதலில் எழுவது தாய்ப்பலகையில் பதிந்துள்ள நிலைநிரல். பழைய கணினிகளில் அதற்குப் பயாஸ் என்று பெயர், புதியவற்றில் யூ.இ.எப்.ஐ. என்று பெயர். அது நினைவகம், விசைப்பலகை, வட்டு ஆகியவற்றைச் சரிபார்த்துவிட்டுத் துவக்க நிரலை அழைக்கிறது. துவக்க நிரல், இயங்குதளத்தின் கருவாகிய கெர்னலை நினைவகத்துக்குக் கொண்டுவருகிறது. கெர்னல் தன்னைச் சுற்றியுள்ள உறுப்புகளை ஒவ்வொன்றாக அடையாளம் காண்கிறது. பிறகு கடிகாரம், ஒலி, வலைத்தொடர்பு, அச்சு முதலிய சேவை நிரல்கள் எழுகின்றன. இவ்வளவும் முடிந்த பின்னரே நமக்குத் திரை கிடைக்கிறது.

முன்னெல்லாம் லினக்சில் இந்தச் சேவைகள் பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாகவே எழுந்தன. சோறு வெந்து இறக்கிய பிறகுதான் குழம்புக்குப் புளி கரைப்பேன் என்று விடுதிச் சமையற்காரர் சொன்னால் நாம் வகுப்புக்குப் போவது எப்போது? 2010-இல் அறிமுகமான சிஸ்டம்-டி என்னும் நிரல், எல்லா அடுப்புகளையும் ஒரே வேளையில் பற்றவைக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஒன்றுக்காக ஒன்று காத்திருக்க வேண்டிய இடங்களில் மட்டுமே காத்திருப்பு.

வட்டின் கணக்கு

அடுத்து ஒரு சிறு கணக்கு. பழைய மடிக்கணினிகளில் உள்ள வட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 11 மில்லி விநாடி ஆகும். வேண்டிய இடம் படிக்கும் முனைக்குக் கீழே வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.5 மில்லி விநாடி காத்திருக்க வேண்டும். முனை நகர்வதற்கு 10 மில்லி விநாடி அளவில் சேர்த்துக்கொண்டால், ஓரிடத்தைப் படிக்க ஏறக்குறைய 15 மில்லி விநாடி. கணினி எழும்போது வட்டில் சிதறிக் கிடக்கும் 2000 இடங்களைத் தொட வேண்டுமானால் அதற்கே 30 விநாடி போய்விடும். சுழலும் பகுதியே இல்லாத எஸ்.எஸ்.டி.யில் ஓரிடத்தைப் படிக்க 0.1 மில்லி விநாடி அளவுதான் ஆகும். அதே 2000 இடங்களுக்கு 0.2 விநாடி போதும்!

நம் சங்கத்து முதலாண்டு நண்பர் ஒருவர் கடன் வாங்கிப் புதுக் கணினி வாங்க இருந்தார். அவருடைய பழைய கணினியின் செயலி நன்றாகவே இருந்தது; தாமதம் எல்லாம் சுழலும் வட்டில்தான். வட்டை மாற்றி, லினக்ஸ் ஏற்றியதும் கடன் பேச்சு நின்றது. இன்று அதே கணினியில்தான் செய்முறைக் குறிப்புகள் எழுதுகிறார்.

ஐந்து விநாடிச் சாதனை

2007-இல் ஆசஸ் நிறுவனம் ஈ பி.சி. 701 என்ற சிறு கணினியை வெளியிட்டது. 7 அங்குலத் திரை, 512 எம்.பி. நினைவகம், 4 ஜி.பி. சேமிப்பிடம், இயங்குதளம் லினக்ஸ். நெட்புக் என்ற சிறு கணினி இனம் அதன்பின்னரே பரவியது.

அவ்வினத்தைச் சேர்ந்த ஈ பி.சி. 901 என்ற கணினியை வைத்து, 2008 செப்டம்பரில் அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரில் நடந்த லினக்ஸ் மாநாட்டில் இன்டெல் பொறியாளர்கள் ஆர்யன் வான் டி வென், ஆக்கே கோக் ஆகிய இருவரும் ஓர் அரிய செயலைச் செய்து காட்டினர். விசையை அழுத்தி நிலைநிரல் தன் வேலையை முடித்தபின், ஐந்தே விநாடியில் லினக்ஸ் முழுமையாக எழுந்து நின்றது!

அவர்கள் கையாண்ட முறை நாம் மனத்தில் கொள்ளத் தக்கது. "இருப்பதில் கொஞ்சம் குறைப்போம்" என்று அவர்கள் தொடங்கவில்லை. மாதச் சம்பளத்தைப் பங்கிட்டு வைக்கும் குடும்பத் தலைவியைப் போல், கெர்னலுக்கு 1 விநாடி, தொடக்க வேலைகளுக்கு 1 விநாடி, திரை வரைவதற்கு 1 விநாடி, மேசைத்தோற்றத்துக்கு 2 விநாடி என்று முதலிலேயே பங்கிட்டுவிட்டனர். பங்கை மீறிய நிரல் திருத்தப்பட்டது, அல்லது வெளியேற்றப்பட்டது. அந்தக் கணினிக்கு வேண்டிய சாதன நிரல்களைக் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டினர். வட்டிலிருந்து படிக்க வேண்டியவற்றை முன்கூட்டியே வரிசையாகப் படித்துவைக்கச் செய்தனர்.

அப்படியானால் எல்லா லினக்சும் ஏன் ஐந்து விநாடியில் எழுவதில்லை? கட்டுரையின் மையக் கருத்து இங்கேதான் இருக்கிறது. அவர்களுக்கு எந்தக் கணினியில் ஓடப்போகிறது என்று தெரியும். பொதுவாக வெளியிடப்படும் இயங்குதளத்துக்கு அது தெரியாது. இந்த வட்டா அந்த வட்டா, இந்தத் திரைச் சில்லா அந்தத் திரைச் சில்லா என்று ஆயிரம் வகைக் கணினிகளுக்கும் அது ஆயத்தமாக இருக்க வேண்டும். அந்த ஆயத்தத்துக்குக் கொடுக்கும் விலைதான் காலம். தையற்காரர் அளவெடுத்துத் தைத்த சட்டை உடம்போடு ஒட்டி நிற்கும். ஊருக்கெல்லாம் பொதுவாகத் தைத்த சட்டை தொளதொளவென்றுதான் இருக்கும். ஆக, வேகமும் பொருத்தமும் ஒன்றையொன்று எதிர்த்திசையில் இழுக்கின்றன. திறந்த மூலத்தின் சிறப்பு, அந்தச் சட்டையைப் பிரித்துத் தன் அளவுக்குத் தைத்துக்கொள்ளும் உரிமையை உடையவனுக்கே கொடுப்பதுதான்.

பொருந்தாத உறுப்புகள்

வன்பொருளுடன் பேசும் நிரலை டிரைவர் என்பர். அது இல்லாவிட்டால் எவ்வளவு வேகமாக எழுந்தும் பயனில்லை. சில எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

முதலாவது, ஆட்டம் இசட்-வரிசைச் செயலி கொண்ட சில நெட்புக்குகளில் இருந்த ஜி.எம்.ஏ. 500 என்ற திரைச் சில்லு. இன்டெல் பெயரில் வந்தாலும் அதன் உள்ளமைப்பு வேறொரு நிறுவனத்துடையது. எனவே திறந்த டிரைவர் உடனே கிடைக்கவில்லை. 2011, 2012 ஆண்டுகளில்தான் கெர்னலில் அதற்கு இடம் கிடைத்தது. அப்போதும் முப்பரிமாணப் படங்களுக்கு உதவி இல்லை.

இரண்டாவது, 2014-ஐ ஒட்டி வந்த மலிவான சிறு கணினிகள். செயலி 64 பிட். நிலைநிரலோ 32 பிட்! பூட்டு ஒன்று, சாவி ஒன்று என்ற கதையாகப் பல லினக்ஸ் பதிப்புகள் அவற்றில் துவங்கவே மறுத்தன. டெபியன் 2015-இல் வெளியிட்ட 8-ஆம் பதிப்பில் இதற்கு வழி செய்தது.

மூன்றாவது, வயர்லெஸ் சில்லுகள். பலவற்றுக்கு அவற்றின் நிறுவனங்கள் தரும் மூடிய நிரல்துண்டு ஒன்று வேண்டும். கொள்கை காரணமாக டெபியன் அதை நெடுநாள் தன் நிறுவு வட்டில் சேர்க்கவில்லை. 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பு முதல் சேர்த்துக்கொண்டது.

எதைத் தேர்வது?

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது பழமொழி. ஈ பி.சி. 901-இல் உள்ள ஆட்டம் என்270 செயலி 32 பிட் மட்டுமே அறிந்தது. 2025-இல் வந்த டெபியன் 13-ஐ அத்தகைய கணினியில் நிறுவ முடியாது. டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23-க்கு 32 பிட் பதிப்பு உண்டு. சில நூறு எம்.பி. நினைவகத்திலேயே அது எழுந்துவிடும். பப்பி லினக்ஸ் தன்னை முழுவதுமாக நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு ஓடுவதால் மெதுவான வட்டு அதற்குத் தடையில்லை. பழைய பி-ஓ.எஸ். வழியில் வந்த ஹைக்கூ என்னும் இயங்குதளம் சில விநாடிகளில் எழும். ஆனால் அதற்குத் தெரிந்த வன்பொருள் குறைவு. வேகமும் பொருத்தமும் ஒன்றையொன்று இழுப்பதற்கு அதுவே நல்ல சான்று.

ஒன்றை மட்டும் மறக்கலாகாது. இயங்குதளம் சிறியதாக இருந்தாலும் இணைய உலாவி சிறியதன்று. 2 ஜி.பி. கணினியில் நான்கைந்து பக்கங்களுக்குமேல் திறந்தால் அது திணறத்தான் செய்யும்.

செய்முறை

புதிய இயங்குதளத்தை முதலில் பென் டிரைவில் ஏற்றி, வட்டைத் தொடாமலே அதிலிருந்து கணினியை எழுப்புங்கள். ஐந்து உறுப்புகளைச் சோதியுங்கள்: வயர்லெஸ், ஒலி, திரை வெளிச்சம், தொடுபலகை, மூடித் திறந்தால் உறங்கி விழிப்பது. ஐந்தும் சரியாக இருந்தால், கோப்புகளைப் படியெடுத்து வைத்துக்கொண்டு நிறுவுங்கள். தமிழ் எழுத ஐபஸ், எம்17என் என்ற இரு தொகுப்புகளைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை கிடைத்துவிடும்.

அடுத்து, சிஸ்டம்-டி உள்ள லினக்சானால், சிஸ்டம்டி-அனலைஸ் என்ற கட்டளை எந்தச் சேவை எத்தனை விநாடி எடுக்கிறது என்று பட்டியலிட்டுக் காட்டும். அச்சுப்பொறியே இல்லாதவனுக்கு அச்சுச் சேவை எதற்கு? அதை நிறுத்திவிடலாம். டெபியனில், துவக்கத்துக்கு வேண்டிய டிரைவர்களுள் இந்தக் கணினிக்கு உரியவற்றை மட்டும் கட்டு என்று சொல்லவும் ஓர் அமைப்பு இருக்கிறது. அளவெடுத்த சட்டை என்றேனே, அது இதுதான். அந்த வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டினால் எழாமல் போகலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நண்பர்களே, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கணினியின் மேல் பழிபோட்டு ஆயிரக்கணக்கில் செலவு செய்வதற்கு முன், ஒரு பென் டிரைவும் ஒரு மாலைப் பொழுதும் செலவிட்டுப் பாருங்கள். தன் கணினிக்குள் என்ன இருக்கிறது என்று அறிந்தவனுக்கு அது விரைந்து எழும். அறியாதவன் புதிது வாங்கினாலும் சில ஆண்டில் மீண்டும் காத்திருக்கத்தான் வேண்டும்.