முப்பத்தைந்தில் ஒரு பங்கு

சென்ற கோடை விடுமுறைக்குப் புனே வந்த என் பேரன் பெரிய அட்டைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். ஜப்பானின் டாமியா கம்பெனி தயாரிப்பு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை பயன்படுத்திய 'பேந்தர்' டாங்கியின் 1/35 அளவுப் பிளாஸ்டிக் மாதிரி. பாகங்களை நறுக்கி, தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூச வேண்டும்.

பெட்டியைப் பார்த்த என் மனைவி, "இது ஹிட்லரோட வண்டிதானே? வீட்டுக்குள்ள எதுக்கு?" என்றாள். அதற்குப் பிறகு வருகிறேன்.

முப்பத்திரண்டு, நாற்பத்தெட்டு என்றால் அங்குலக் கணக்கு என்று சொல்லலாம். முப்பத்தைந்து எங்கிருந்து வந்தது? மர அறுவைத் தொழிலில் தொடங்கிய டாமியா, 1960களின் தொடக்கத்தில் மோட்டாரில் ஓடும் பேந்தர் பொம்மையை வெளியிட்டது. உள்ளே நடுத்தர அளவு பேட்டரி செல் இரண்டு அடங்க வேண்டும் என்பதே கணக்கு. அது நன்றாக விற்றது. பிற டாங்கிகளையும் அதே அளவில் செய்ய நினைத்து அளந்து பார்த்தால், ஏறக்குறைய 1/35! இன்று உலகெங்கும் ராணுவ மாதிரிகளுக்கு அதுவே பொது அளவாகிவிட்டது. செல் செய்தவன் வைத்ததுதான் சட்டம்!

நிஜ வண்டி பீரங்கிக் குழலோடு 8.66 மீட்டர் நீளம். எங்கள் மேஜையில் 25 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. எடையோ சுமார் 45 டன். நீள, அகல, உயரம் மூன்றும் சுருங்குவதால் 35-ஐ மூன்று முறை பெருக்கி வகுக்க வேண்டும். அச்சு அசலாக இரும்பிலேயே செய்திருந்தாலும் ஒரு கிலோதான் வரும். பேரன் நம்பவில்லை, கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தான். இத்தனை எடையுள்ளதை ஜெர்மானியர் 'நடுத்தர டாங்கி' என்றார்கள். அமெரிக்கரின் நடுத்தர டாங்கியான ஷெர்மன் 30 டன் சொச்சம்தான்.

முன் தகடு ஏன் சாய்ந்திருக்கிறது என்று கேட்டான். 1941-ல் ரஷ்யாவுக்குள் புகுந்த ஜெர்மானியர் அங்கே டி-34 டாங்கியிடம் கற்ற பாடம் அது. சமையலறையிலிருந்து ஒரு வாழைக்காயை எடுத்து நேராக ஒன்றும் சாய்வாக ஒன்றும் நறுக்கிக் காட்டினேன். சாய்த்து வெட்டினால் கத்தி அதிக தூரம் போக வேண்டும். அப்படித்தான் 80 மில்லிமீட்டர் தகடு, நேரே வரும் குண்டுக்கு 140 போல் நிற்கிறது. (வாழைக்காய் வறுவலாயிற்று.)

வினை சக்கரத்தில் வந்தது. பக்கத்துக்கு எட்டு இரட்டைச் சக்கரங்கள், ஒன்றோடொன்று கோத்தாற்போல. எடை சீராகப் பரவி வண்டி குலுங்காமல் போக இந்த ஏற்பாடு. டயர் விளிம்புக்குக் கறுப்பு பூசும் முன்பே பேரன் அவசரத்தில் எல்லாவற்றையும் பசை வைத்து மாட்டிவிட்டான். உள் வரிசைக்குப் பிரஷ் நுழையவில்லை. வெளியே இருப்பவற்றைக் கழற்றப் போய் ஓர் அச்சு முறிந்தது. பையன் அழாத குறை. ரஷ்யச் சேற்றில் நின்ற ஜெர்மன் மெக்கானிக்கின் பாடும் இதுதானப்பா என்றேன். உள்ளே ஒரு சக்கரம் கெட்டால் வெளியே பலவற்றைக் கழற்ற வேண்டும். இடுக்கில் சேர்ந்த சேறு இரவில் உறைந்தால் காலையில் வண்டி நகராது. 1943 ஜூலையில் கூர்ஸ்க் போருக்கு ஏறத்தாழ 200 பேந்தர்கள் அவசரமாக அனுப்பப்பட்டன. எஞ்சின் கோளாறும் கண்ணிவெடியும் எதிரிக் குண்டும் சேர்ந்து சில நாட்களிலேயே பெரும்பகுதியை முடக்கிவிட்டன.

இனி மனைவியின் கேள்வி. பெட்டிப் படத்தில் வெள்ளைப் பின்னணி. டாங்கி மட்டும் கம்பீரமாக நிற்கிறது. எதிரில் யார் நின்றார்கள் என்பது அதில் இல்லை. "ஜெர்மன்காரங்கதான் சூப்பர், இல்ல தாத்தா?" என்று பேரனே ஒரு நாள் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. அன்று வேலையை நிறுத்திவிட்டுச் சொன்னேன்: யூதர்களைக் கொன்று குவித்த ஆட்சி, லட்சக்கணக்கான வெளிநாட்டவரைப் பிடித்து வந்து ஆயுதத் தொழிற்சாலைகளில் கட்டாய வேலை வாங்கிய ஆட்சி. அந்த ஆட்சிக்காகத்தான் இந்த வண்டி ஓடியது. வெகுநேரம் பேசாமலிருந்தான். பிறகு, "அப்ப இதை முடிக்க வேண்டாமா?" என்றான். முடிக்கலாம், தெரிந்துகொண்டு முடிக்கலாம் என்றாள் அவன் பாட்டி. நான் எதிர்பார்க்கவில்லை.

ஜெர்மன் சிலுவைக் குறியை ஒட்டும் வேலை மட்டும் மீதி. சங்கத்தின் குழந்தைகள் கைவினைக் கண்காட்சிக்குக் கொண்டுவருகிறோம். சக்கரங்களை எண்ணிப் பார்க்கலாம், தொட்டும் பார்க்கலாம். பீரங்கிக் குழலைப் பிடித்து மட்டும் தூக்கிவிடாதீர்கள். ஏற்கெனவே இரண்டு முறை ஒட்டியது.