பழவேற்காட்டின் ஆவிகள்

பழவேற்காட்டு ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கின்றன. காலம் கழிகிறது, மரணத்தை மறவாதே என்று வழிப்போக்கனுக்கு நினைவூட்டப் பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பியர் கையாண்ட அடையாளம் அது. ஆயினும், அந்தி மயங்கும் வேளையில் ஏரியிலிருந்து இறால் கூடையுடன் வீடு திரும்புகிறவர்களுக்கு அந்த உபதேசமா முதலில் தோன்றும்? விளக்கு வைத்த பிறகு அந்தப் பக்கம் போகாதே, காத்து கருப்பு அடித்துவிடும் என்று பிள்ளையை அதட்டுகிற தாயைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. பேய்க் கதையால் பிரயாணிகள் வருவார்கள், கல்லறைகளும் பிழைத்துக்கொள்ளும் என்பாரும் உண்டு; இருக்கலாம்.

என் விசாரம் வேறு. துர்மரணம் அடைந்து, பிண்டமும் நீரும் பெறாத ஜீவன்தான் அலையும் என்பது நம் ஜனங்களின் நம்பிக்கை. எழுத்து வெட்டிய கல்லின் கீழ், அரசாங்கப் பாதுகாப்பில் உறங்கும் ஒல்லாந்தருக்கு அப்படி அலைய என்ன அவசியம்? 1613-இல் எழுந்த ஒல்லாந்தரின் கெல்டிரியாக் கோட்டையின் காலத்தில், யுத்தமும் பஞ்சமும் ஊர்களை உலுக்கிய 1620-களிலும் 1640-களிலும், சோற்றுக்கு வழியற்றுத் தம்மையும் தம் மக்களையும் விற்றவர்கள் இந்தக் கரையிலிருந்துதான் ஒல்லாந்தரின் கீழ்த்திசைத் தலைநகரான படேவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். 1621-இல் பாந்தாத் தீவுகளின் குடிகளை ஒல்லாந்தர் அழித்தபின் அங்கே ஜாதிக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டதும் இந்த அடிமை வியாபாரத்துக்குத் தூண்டுதலாயிற்று. கப்பலேறிய அவர்களுக்குக் கல்லும் இல்லை, திதியும் இல்லை. கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிய கதைகளில் ஆவியாக வரும் பாக்கியங்கூட இல்லை என்பதுதான் என் நெஞ்சை அறுக்கிறது.

இத்தகையோரை நினைவுகூர, செனெகல் நாட்டுக் கோரே தீவில் பழைய வீடு ஒன்று ‘அடிமைகள் இல்லம்’ என்ற பெயரில் 1962 முதல் காட்சிசாலையாக இருந்துவருகிறது. கடலைப் பார்த்த அதன் குறுகிய வாசலின் முன் உலகெங்கிலுமிருந்து வருவோர் வாயடைத்து நிற்கிறார்கள். இங்கேயோ கெல்டிரியா புதர் மண்டிக் கிடக்கிறது. பழவேற்காட்டின் பழைய வீடுகளில் ஒன்றையேனும் அவ்வாறு ஆக்கினால், அதன் சுவரில் எழுதப் பெயர்களுக்கும் பஞ்சமில்லை. இங்கிருந்து கப்பலேறியவர்களின் பிறந்த பெயரை எஜமானர்கள் நீக்கி, அந்நியப் பெயர் சூட்டி, அடையாளத்துக்காகச் ‘சோழமண்டலக் கரையிலிருந்து’ என்ற சொல்லை மட்டும் பின்னால் சேர்த்தார்கள். அப்பெயர்களைப் பதித்த ஏடுகள் இன்றும் இருக்கின்றன.