பழைய காருக்குப் புது முகம்: உப்பு மூட்டை ஏற்றும் வணிகர் கவனத்துக்கு

மழைக்காலத்தில் உப்பு மூட்டை வேர்க்கும் என்பது மளிகைக் கடைக்காரர் எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த வேர்வை எங்கே போகிறது என்பதை மட்டும் நாம் பார்ப்பதில்லை. கடையில் என்றால் தரையோடு போயிற்று. காரின் டிக்கியில் என்றால் அது தகட்டைத் தின்கிறது. என் பழைய அம்பாசிடருக்கு நானே புது முகம் கொடுத்த கதையை எழுதும்படி சங்க நண்பர்கள் கேட்டார்கள். பெயிண்டில் தொடங்குவதைவிட உப்பில் தொடங்குவதே முறை என்று தோன்றியது.

கொடைக்கானலில் மளிகை மொத்த வியாபாரம் எனக்கு. வாரம் ஒரு நடை பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி வழியாகக் கிளாவரை வரை சென்று, ஆங்காங்கே உள்ள கடைகளுக்குச் சரக்குக் கொடுத்து வருவேன். கிளாவரையோடு சாலை முடிந்துவிடும். அதற்கப்பால் மலையும் கேரள எல்லையும்தான். போகும்போது அரிசி, சர்க்கரை, எண்ணெய் டின், உப்பு. யாராவது சொல்லிவிட்டிருந்தால் ஒரு மூட்டை பொட்டாஷ் உரம். திரும்பும்போது இடம் இருந்தால் நாலு மூட்டை பூண்டு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அதே மலைப்பூண்டுதான்.

வண்டி 1995-இல் வாங்கியது. வெள்ளை நிறம். சில ஆண்டுகளுக்கு முன் பார்க்கச் சகிக்காத நிலைக்கு வந்துவிட்டது. மேலே சுண்ணாம்பு பூத்தது போல் வெளிறி, பம்பர் பழுப்பேறி, கதவடியில் கொப்புளம் கொப்புளமாகத் துரு. மலைக்குக் கீழே ஒரு பட்டறையில் விட்டேன். பத்தே நாளில் பளபளவென்று கொடுத்தார்கள். கடை வாசலில் நிறுத்தினால் வாடிக்கையாளர்கள் புது வண்டியா என்று கேட்டார்கள். எனக்கும் பெருமைதான்.

கிளாவரையில் ஒரு கடைக்காரர் மட்டும், மூட்டை இறக்கும்போது குனிந்து பார்த்துவிட்டு, "மேலே மாப்பிள்ளை மாதிரி இருக்கு மொதலாளி, அடியிலே பார்த்தீங்களா?" என்றார். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த ஐப்பசி மழை முடிவதற்குள் பெயிண்ட் மறுபடி பொங்கியது. அது போகட்டும். ஒரு நாள் மாலை, மூடுபனியில், கவுஞ்சி தாண்டி ஒரு வளைவில் பின்பக்கம் சத்தம் கேட்டது. பின் பம்பரைத் தாங்கும் பட்டை துருவில் அறுந்து, பம்பர் ஒரு பக்கமாகச் சாலையில் உரசிக்கொண்டு வந்தது. பின்னால் வந்த ஜீப் ஓட்டுநர் சமயத்தில் பிரேக் போட்டதால் ஒன்றும் ஆகவில்லை. பின் விளக்கு ஒன்று வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. பூண்டு மூட்டையைக் கட்டிவந்த கயிற்றை அவிழ்த்து, அதைக்கொண்டே பம்பரைக் கட்டி ஊர் வந்து சேர்ந்தேன். டிக்கி விரிப்பைத் தூக்கிப் பார்த்தால், உப்பு மூட்டை வைக்கும் இடத்தில் தகடு அப்பளம் போல் இருந்தது. பட்டறையில் துருவை எடுக்கவேயில்லை. அதன்மேல் பட்டி வைத்து, பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

இதில் பட்டறைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மலிவாகவும் சீக்கிரமாகவும் வேண்டும் என்று கேட்டவன் நான்.

நம் வண்டி ஏன் சீக்கிரம் துருப்பிடிக்கிறது?

இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் போதும். உப்பு சேர்ந்தால் வேகம் பல மடங்கு. காற்றில் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். மேல்மலையில் மழைக்காலத்தில் மூடுபனி இறங்கிவிட்டால் காற்று நாள் முழுக்க அந்த அளவுக்கு மேல்தான். பொட்டாஷ் உரமும் ஒருவகைக் குளோரைடு உப்பே; அதுவும் இதே வேலையைச் செய்யும். ஈரச் சாக்கு இவற்றைத் தகட்டோடு ஒட்டி வைத்துக்கொள்கிறது. ஆக, வெளியில் இருந்து மழை அரித்ததைவிட, உள்ளே நாம் ஏற்றிய சரக்கு அரித்ததே என் வண்டியில் அதிகம்.

வாடகைக்கு ஓடும் காருக்கு இந்தத் தொல்லை குறைவு. வணிகர் வீட்டுக் காருக்கு உண்டு. ஆம்னி வைத்திருப்பவர்களும் பின் இருக்கையை எடுத்துவிட்டு மூட்டை ஏற்றுபவர்கள்தாமே, அவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

அம்பாசிடர் தயாரிப்பு 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. தகடு போனால் கடையில் கேட்டு வாங்கும் காலம் போய்விட்டது. சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய சாமான்களுக்குள் தேடித்தான் எடுக்க வேண்டும். இருக்கிற தகட்டைக் காப்பாற்றுவதே லாபம்.

முதல் வேலை: கழுவுதல், தட்டிப் பார்த்தல்

இரண்டாவது முறை நானே இறங்கினேன். தை பிறந்து வெயில் வந்தபின்தான் தொடங்கினேன். காரணம் பின்னால் சொல்கிறேன். டிக்கி விரிப்பு, தரை விரிப்பு எல்லாவற்றையும் வெளியே எடுத்து, உள்ளேயும் அடியிலும் நல்ல தண்ணீரால் இரண்டு நாள் கழுவினேன். உப்பு கரைந்து போனாலொழிய மேற்கொண்டு செய்வது எல்லாம் வீண். கதவுகளின் அடி விளிம்பில் நீர் வடிவதற்கென்று சிறு துளைகள் உண்டு. என் வண்டியில் எல்லாம் மண்ணால் அடைபட்டிருந்தன. சைக்கிள் கம்பியால் குத்திவிட்டபோது ஒரு கதவிலிருந்து அரைத் தம்ளர் செந்நீர் வடிந்தது. கதவடி ஏன் உளுத்தது என்று அப்போதுதான் புரிந்தது.

பிறகு ஸ்குரூ டிரைவர் கைப்பிடியால் இடம் இடமாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் தகடு, மொத்தென்றால் உள்ளே பட்டி. முனையால் அழுத்தினால் உள்ளே போகிற இடம் நம் கைக்கு உட்பட்டதல்ல. அங்கே வெட்டி எடுத்து வேறு தகடு பற்றவைக்க டிங்கரிடம்தான் போக வேண்டும். நானும் டிக்கித் தரைக்கும் பம்பர் பட்டைக்கும் அப்படியே செய்தேன். துளையைப் பட்டியால் அடைக்காதீர்கள். வெளியில் வைத்த பிஸ்கட் நமத்துப் போவது போலப் பட்டியும் ஈரம் குடிக்கும். அடியில் துரு வளரும்.

மேலோட்டமான துருவுக்கு நம் கை போதும். 80 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 180, 320 என்று தேய்த்து, வெள்ளைத் தகடு தெரியும்வரை கொண்டுவர வேண்டும். குழிகளில் ஒளிந்திருக்கும் துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி என்று பெயிண்ட் கடைகளில் கிடைக்கிறது. அதைத் தடவினால் துரு கெட்டியான கரும் படலமாக மாறும். கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்குத் துணி கட்டாயம். அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிடுங்கள். திறந்த தகட்டை ஒரு ராத்திரி மூடுபனியில் விட்டால் விடியும்போது மறுபடி செந்நிறம் பூத்திருக்கும்.

தை வரை காத்திருந்ததற்குக் காரணம் இதுதான். பெயிண்டில் கலந்த தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்கிறது. ஈரக் காற்றாக இருந்தால் அந்தக் குளிர்ச்சியில் பனி படிந்து, பெயிண்ட் பால் ஊற்றியது போல் வெளுத்துவிடும். மேல்மலையில் தை முதல் சித்திரை வரை, காலை பத்து மணிக்கு மேல் மூன்று மணிக்குள் அடிப்பதே சரி. மார்கழி, தையில் காலை உறைபனியும் உண்டு. வெயில் ஏறித் தகடு சூடாகும்வரை பொறுக்கவும்.

நிறம் சேர்வது ஒரு தனித் தலைவலி. வெள்ளை என்றால் ஒரே வெள்ளை என்று நினைத்தேன். முப்பது வருட வெயில் பட்ட வெள்ளை வேறு, டப்பாவில் இருக்கும் வெள்ளை வேறு. பெட்ரோல் டேங்க் மூடியைக் கழற்றிக்கொண்டு போய்ப் பெயிண்ட் கடையில் காட்டினால் அதற்குத் தக்கபடி கலந்து தருவார்கள். அதற்குமுன் மூடியைப் பாலிஷ் போட்டு, உண்மையான நிறத்தை வெளிக்கொண்டு வந்துவிடுங்கள்.

செலவில்லாத பளபளப்பு

வண்டி முழுவதும் பெயிண்ட் அடிக்க வேண்டியதே இல்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. வெளிறிப்போன மேற்பரப்பு என்பது வெயிலில் மாண்டுபோன ஒரு மெல்லிய படலம்தான். ரப்பிங் காம்பவுண்டை ஈரத் துணியில் எடுத்துச் சிறு சிறு வட்டமாகத் தேய்த்தால் துணியில் வண்டியின் நிறம் ஏறும். பயப்பட வேண்டாம், பழைய ஒற்றைப் பூச்சு வண்டியில் அப்படித்தான் ஆகும். மேலே தெளிவான லாக்கர் பூசிய வண்டியில் நிறம் ஏறக் கூடாது. ஏறினால் லாக்கர் தீர்ந்துவிட்டது என்று பொருள், நிறுத்திவிடுங்கள். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் அழுத்தித் தேய்க்காதீர்கள், அங்கே பெயிண்ட் மெலிவாக இருக்கும். கடைசியில் வாக்ஸ். தண்ணீர் தெளித்தால் தாமரை இலைமேல் நிற்பது போல் திரண்டு நிற்கும்வரை வாக்ஸ் இருக்கிறது. படர்ந்து ஓடினால் மறுபடி போட வேண்டியதுதான்.

பம்பரின் குரோமியப் பூச்சுக்கு நம் கடையிலேயே மருந்து உண்டு: சப்பாத்தி சுற்றித் தரும் அலுமினியத் தாள். கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் புள்ளித் துரு போய்விடும். அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானது, ஆகையால் கீறல் விழாது. துடைத்தபின் வாக்ஸ் அல்லது வாசலின் மெலிதாகப் பூசலாம். பூச்சே உரிந்துபோன இடத்துக்கு இது பயன்படாது.

கறுப்பு ரப்பர் பீடிங்கிற்குத் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஒரு நாள் அழகு. மறுநாள் பூம்பாறைச் சாலைப் புழுதி முழுவதும் அதில்தான்.

முகப்பு விளக்கு அழகுக்கானதல்ல

அம்பாசிடருக்குக் கண்ணாடி விளக்கு. பிரதிபலிப்பான் மங்கினால் மாற்ற வேண்டியதுதான். பின்னால் வந்த கார்களில் பிளாஸ்டிக் முகப்பு. அது வெயிலில் மஞ்சளாகும். என் மருமகன் காரில் அப்படி ஆகிப் பாதி வெளிச்சம்தான் வந்தது. 1000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பிறகு 2000, பிறகு பாலிஷ் போட்டோம். தேய்க்குமுன் சுற்றிலும் பெயிண்ட்மேல் டேப் ஒட்டிக்கொள்ள வேண்டும். பற்பசை வைத்துத் தேய்ப்பவர்களும் உண்டு, சில வாரம் தாங்கும். எப்படித் தேய்த்தாலும், கடைசியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தெளிபூச்சு அடிக்காவிட்டால் சில மாதத்தில் மஞ்சள் திரும்பிவிடும். மூடுபனியில் ஹை பீம் போடுவதால் பயனில்லை. பனித்துளிகள் வெளிச்சத்தை நம் கண்ணுக்கே திருப்பி அனுப்பும். லோ பீமும், பம்பருக்குக் கீழே தாழ்வாகப் பொருத்திய பனி விளக்கும்தான் வளைவைக் காட்டும்.

வாங்கி மாட்டுகிறவை பற்றியும் ஒரு வார்த்தை. முன்னால் இரும்புத் தடுப்புக் கம்பி மாட்டுவதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. கண்ணாடியில் கருப்புத் தாள் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரலில் தடுத்தது. விதிகள் பின்னர் திருத்தப்பட்டன. முன்னும் பின்னும் 70, பக்கவாட்டில் 50 சதவீத வெளிச்சமாவது ஊடுருவ வேண்டும் என்ற அளவுக்குள் அடங்கும் தாள் குற்றமாகாது என்று 2024-இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. மூடுபனிச் சாலையில் ஓடுகிற நமக்கு இருக்கிற வெளிச்சமே போதவில்லை; தாள் எதற்கு? வண்டியின் நிறத்தையே மாற்றுவதானால் ஆர்.சி. புத்தகத்திலும் மாற்ற வேண்டும். அதே நிறம் அடித்தால் அந்தத் தொல்லை இல்லை. பதினைந்து ஆண்டு கடந்த சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ.600-லிருந்து ரூ.5,000 ஆயிற்று. ஆகவே ஆய்வுக்கு நிறுத்தும்போது நம்பர் பிளேட், விளக்குகள், அடித்தகடு மூன்றையும் முன்கூட்டியே நாமே பார்த்து வைப்பது நல்லது.

டிங்கர் கூலி நீங்கலாக எனக்கு ஆன செலவு நாலாயிரத்துச் சில்லறை. நாள் கணக்கு என்றால் ஞாயிற்றுக்கிழமைகள் ஆறு. சந்தை நாள் என்பதால் வீட்டில் வசவும் சேர்த்தி.

இப்போது டிக்கியில் ரப்பர் விரிப்பு, அதன்மேல் மூன்று மரச்சட்டம், அதன்மேல்தான் மூட்டை. உப்பையும் உரத்தையும் தடித்த பிளாஸ்டிக் தாளில் சுற்றிய பிறகே ஏற்றுகிறேன். திரும்பி வந்ததும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றித் துடைத்து, டிக்கியைச் சற்றுநேரம் திறந்து வைக்கிறேன். போன மாதம் கிளாவரையில் அதே கடைக்காரர் மறுபடி குனிந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மூட்டை உப்பு கூடுதலாக எழுதிக்கொள்ளச் சொன்னார்.