நான்கு விழுக்காடு யார் காதுக்கு எட்டுகிறது?

கடனுக்குச் சரக்கு தருபவரும் வாடிக்கையாளரை அறிமுகம் செய்பவரும் பெரும்பாலும் ஒரே சாதியினராக இருக்கும் சந்தையில், தலித் சிறுதொழில் முனைவோர் வாசலிலேயே நிற்கிறார். ‘தொடர்புகளை வளர்த்துக்கொள்ளுங்கள்’ என்னும் பொதுவான அறிவுரை இந்தச் சுவரைக் காண்பதில்லை.

2012ஆம் ஆண்டின் பொதுக் கொள்முதல் கொள்கை ஆணைப்படி, ஒன்றிய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்முதலில் இன்று 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து பெற வேண்டும். அந்த 25இல் 4 பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் நிறுவனங்களுக்கு உரியது. ஆனால், ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பே எட்டாதவருக்கு இவ்வுரிமை வெறும் காகிதம்தான்.

ஆகவே, தொடர்பைத் தனிமனிதத் திறமையாக அல்ல, கூட்டு அமைப்பாகவே நாம் கட்ட வேண்டும். 2005இல் புனேயில் தொடங்கப்பட்ட தலித் இந்திய வர்த்தக, தொழிற்சபை இதற்கொரு முன்னோடி. மாவட்ட அளவில் அறிவிப்புகளைப் பகிர்வதும், உத்யம் பதிவுக்கு உதவுவதும், கொள்முதல் அதிகாரிகளைச் சேர்ந்தே சந்திப்பதும் தொடக்கப் பணிகள்.

நிலுவைத் தொகையிலும் இதுவே உண்மை. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாள்களுக்குள் பணம் தரப்பட வேண்டும்; தவறினால் வங்கி விகிதத்தின் மும்மடங்குக் கூட்டுவட்டி உண்டு. தனியாக முறையிடுபவர் அடுத்த ஆணையை இழக்க அஞ்சுகிறார். சங்கமாக நிற்கும்போதே சட்டம் பேசத் தொடங்குகிறது.