அட்வான்ஸ் பணமும் அமானிதம், வாடகை வீடும் அமானிதம்





வீட்டைக் காலி செய்த குடும்பமும் வீட்டுக்காரரும் அட்வான்ஸ் பணத்துக்காக மனக்கசப்போடு நம் அலுவலகத்தில் வந்து உட்காருவது வழக்கமாகிவிட்டது. "கண்ணாடி மாதிரி கொடுத்த வீட்டைக் குப்பையாக்கிவிட்டார்கள்" என்கிறார் வீட்டுக்காரர். "நாங்கள் வரும்போதே வீடு இப்படித்தான் இருந்தது" என்கிறார் குடியிருந்தவர். பெரும்பாலும் இருவருமே பொய் சொல்வதில்லை. சுத்தம் என்பதற்கு இருவரும் வைத்திருக்கும் அளவுகோல்தான் வேறு.

நாம் செய்த ஒரு தவறு

கிழக்குத் தாம்பரத்தில் நான்கு வருடம் குடியிருந்த ஒரு குடும்பம் காலி செய்தது. அட்வான்ஸில் வீட்டுக்காரர் 18,000 ரூபாய் பிடித்துக்கொண்டார். பெயின்ட் அடிக்க 13,000, பாத்ரூமும் சமையலறையும் கழுவ 3,000, உடைந்த ஜன்னல் கண்ணாடிக்கும் கதவுப் பூட்டுக்கும் 2,000 என்று கணக்குச் சொன்னார். இரண்டு தரப்பும் நம்மிடம் வந்தார்கள். நாம் வீட்டைப் போய்ப் பார்க்கவில்லை. "ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுங்கள்" என்று சொல்லி 9,000 ரூபாயில் முடித்துவைத்தோம். சமாதானம் செய்துவிட்டோம் என்ற திருப்தி நமக்கு.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. பெயின்ட் உரிந்ததற்குக் காரணம் மொட்டை மாடியிலிருந்து இறங்கிய ஓதம். அதில் குடியிருந்தவர் பொறுப்பு எதுவும் இல்லை. ஆனால் பாத்ரூம் கறையும் உடைந்த கண்ணாடியும் பூட்டும் அவர் பொறுப்புதான். நியாயமாகப் பிடிக்க வேண்டியது 5,000. நம் பஞ்சாயத்தால் அந்தக் குடும்பம் 4,000 ரூபாய் இழந்தது. பேச்சு இழுத்த இரண்டு மாதத்தில், புது வீட்டு அட்வான்ஸுக்காக அந்தச் சகோதரியின் சங்கிலி வட்டிக் கடையில் அடகுக்குப் போயிருந்தது. எந்தப் பாவத்திலிருந்து நம் மக்களை மீட்க வேண்டும் என்று ஜும்ஆ தோறும் பேசுகிறோமோ, அதற்கே நம் அலட்சியம் ஒரு வாசலைத் திறந்துவிட்டது. நாம் இரு தரப்பிடமும் மன்னிப்புக் கேட்டோம். வீட்டுக்காரரும் பெரிய மனதோடு அந்த 4,000 ரூபாயை இரண்டு தவணையில் திருப்பிக் கொடுத்தார். அல்ஹம்துலில்லாஹ்.

பாதிப் பாதி என்பது சுலபமான வழி, அவ்வளவுதான். ஒவ்வொரு குறையையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் நியாயம் கிடைக்கும்.

அழுக்கு, தேய்மானம், சேதம்

குறைகளை இந்த மூன்றாகப் பிரித்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

அழுக்கு என்பது கழுவினால் போவது. அடுப்பு மேடையின் எண்ணெய்ப் பிசுக்கு, எக்ஸாஸ்ட் ஃபேனில் படிந்த கரி, லாஃப்டில் விட்டுப்போன பழைய சாமான், அடைத்த சிங்க், குர்பானி கொடுத்த பின் சரியாகக் கழுவாத மாடித் தரை எல்லாம் இதில் சேரும். இவை குடியிருப்பவர் பொறுப்பு.

தேய்மானம் என்பது ஒழுங்காக வாழ்ந்தாலும் வருவது. நான்கு வருடத்தில் சுவர் நிறம் மங்கும். காலண்டர் மாட்டிய ஆணித் துளை இருக்கும். கதவுக் கீல் தளரும். இவை வீட்டுக்காரர் பொறுப்பு. இதற்கும் சேர்த்துத்தான் அவர் மாதா மாதம் வாடகை வாங்குகிறார்.

சேதம் என்பது கவனக்குறைவால் வருவது. உடைந்த கண்ணாடி, விரிந்த வாஷ்பேசின், டிவி மாட்டத் துளைபோட்டு அடைக்காமல் விட்ட சுவர் போன்றவை. இது உடைத்தவர் பொறுப்பு.

நம் பகுதியில் அதிகம் சண்டை வருவது இரண்டு விஷயத்தில். ஒன்று உப்புத் தண்ணீர். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருக்களில் டைல்ஸிலும் குழாயிலும் வெள்ளைக் கறை படியும். வாரம் ஒருமுறை தேய்த்தால் போய்விடும். வருடக் கணக்கில் விட்டால் ஆசிட் ஊற்றினாலும் போகாது. தேய்க்காமல் விட்ட கறை குடியிருந்தவர் பொறுப்பு. உப்பு அரித்துக் குழாயின் பளபளப்புப் போனால் அது தேய்மானம்.

இன்னொன்று ஓதம். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வெள்ளம் வீட்டுக்குள் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். தாழ்வான தெருக்களில் ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் கீழ்த்தளச் சுவரில் பெயின்ட் பொரிந்து உதிரும். அது கட்டடத்தின் குறை. எவ்வளவு துடைத்தாலும் தீராது. அதே சமயம், ஜன்னலையே திறக்காமல் ஈரத்துணியை அறைக்குள் காயப்போட்டு, பீரோவுக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை பிடிக்கவிட்டால் அதில் குடியிருப்பவருக்கும் பங்கு உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

பழைய 1960ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் வருடச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை:

1. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும்.

2. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது.

3. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும்.

4. வழக்கமான தேய்மானம் போக, வந்தபோது இருந்த நிலையில் வீட்டை ஒப்படைக்க வேண்டும். சட்டத்தின் இணைப்பில் உள்ள பட்டியலின்படி, கட்டடப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிப்பது, குழாய் பதிப்பது, வயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், வடிகால் சுத்தம், சுவிட்சு, பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு.

5. தகராறு என்பதற்காகத் தண்ணீரையோ கரன்ட்டையோ நிறுத்தக் கூடாது.

"காலி செய்யும்போது பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகை" என்பது நம் ஊர் வழக்கம். ஒப்பந்தத்தில் அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு பேசுவது கஷ்டம். ஆகவே கையெழுத்துக்கு முன்பே படித்துப் பாருங்கள்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

மத்ரஸாவில் ஃபிக்ஹ் ஓதியவர்களுக்கு இது புதிதல்ல. வாடகைக்கு எடுத்த பொருள் எடுத்தவர் கையில் அமானிதம். அத்துமீறலாலோ அலட்சியத்தாலோ கெட்டால்தான் அவர் ஈடு கொடுக்க வேண்டும். சுமார் 750 வருடங்களுக்கு முன் வாழ்ந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது மின்ஹாஜ் நூலில் பனி பெய்யும் ஊரின் வழக்கை வைத்தே இதைப் பிரித்துச் சொல்கிறார்கள்: கூரையில் விழுந்த பனியை அகற்றுவது வீட்டுக்காரர் மீது, முற்றத்துப் பனியையும் பெருக்கிய குப்பையையும் சுத்தம் செய்வது குடியிருப்பவர் மீது. நமக்குப் பனி இல்லை, ஓதம் இருக்கிறது. கணக்கு ஒன்றுதான்.

தனக்கு வாங்கும்போது நிறைவாக அளந்து, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களை முதஃப்பிஃபீன் சூரா கடுமையாக எச்சரிக்கிறது. ஒட்டடையோடு வீட்டைக் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்கும்போது மட்டும் பளிங்கு போலக் கேட்பதும் இரண்டு அளவைதான். கழுவிய வீட்டில் குடிவந்து, கழுவாமல் சாவியை நீட்டுவதும் அப்படியே.

சுத்தம் பார்க்கிறேன் என்று வீட்டுக்காரர் நினைத்த நேரம் உள்ளே நுழைவதும் சரியல்ல. பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லி நுழைய வேண்டும் என்பது சூரா நூர் கற்றுத்தரும் ஒழுக்கம். சட்டமும் 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்கச் சொல்கிறது.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் வீடு தேடிப் போகும்போது, "கறி சமைப்பீர்கள், சுத்தமாக இருக்காது" என்று டூலெட் போர்டுக்குக் கீழேயே திருப்பி அனுப்பப்பட்ட வலி நமக்குத் தெரியும். அதே வார்த்தையை, வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகளைப் பார்த்து நம் வீட்டுக்காரர்கள் சொல்லலாமா?

இனி செய்ய வேண்டியது

பிரான்சில் குடியேறும்போதும் காலி செய்யும்போதும் வீட்டின் நிலையை இருவரும் சேர்ந்து எழுதிக் கையெழுத்திடுவது சட்டப்படியான நடைமுறை. கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. நாமும் செய்யலாம்.

சாவி வாங்கும் நாளிலேயே இருவரும் சேர்ந்து ஒவ்வொரு அறையாகப் பாருங்கள். சுவர், டைல்ஸ், குழாய், சுவிட்சு, பூட்டு, லாஃப்ட் எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளுங்கள். குறைகளை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சுவர் ஈரம் கண்டால் அன்றே தெரிவியுங்கள். காலி செய்ய இரண்டு வாரம் இருக்கும்போது ஒருமுறை சேர்ந்து பாருங்கள். கழுவவும் பழுது பார்க்கவும் அவகாசம் கிடைக்கும். பணம் பிடித்தால் எதற்கு எவ்வளவு என்று எழுதி, பில்லோடு கொடுங்கள்.

இந்தப் பட்டியலுக்கான படிவம் ஒன்றைத் தயாரித்து நம் அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். அஸருக்குப் பிறகு வந்து இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். இனி பஞ்சாயத்து என்று வந்தால், வீட்டை நேரில் பார்க்காமல் நாம் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டோம், இன்ஷா அல்லாஹ்.

பிறர் ஹக்கைச் சுமந்தபடி மறுமையில் நிற்கும் நிலையிலிருந்து அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக. ஆமீன்.