கொல்லையில் ஒரு கொல்லுப்பட்டறை!

தஞ்சாவூர்க் கீழவாசல் பீரங்கி மேட்டில் ராட்சதப் பீரங்கி ஒன்று இருக்கிறது. நீளம் சுமார் 25 அடி! நாயக்கர் காலத்தில், 17-ம் நூற்றாண்டில் செய்தது. அச்சில் வார்த்ததல்ல. இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் பழுக்கக் காய்ச்சி, அடித்தே ஒட்டிவிட்டார்கள் கொல்லர்கள்!

உங்களுக்கும் பொழுதுபோக்காகச் சின்னப் பட்டறை வைக்க ஆசையா? கரி உலை, துருத்தி, குறடு, சுத்தியல், தண்ணீர்த் தொட்டி வேண்டும். அடைகல்லுக்குக் கனத்த இரும்புத் துண்டு போதும்.

கீற்றுக் கொட்டகை, வைக்கோல் போர் பக்கத்தில் உலை கூடாது. ஒரு பொறி போதும், எல்லாம் சாம்பல்! துத்தநாகம் பூசிய குழாயைக் காய்ச்சாதீர்கள். அந்தப் புகை காய்ச்சல் கொடுக்கும்.

இரும்பு ஆரஞ்சு நிறமாகப் பழுத்ததும் அடியுங்கள். நிறம் மங்கினால் மீண்டும் உலையில் வையுங்கள். முதலில் ஒரு கொக்கி செய்து பழகுங்கள். பீரங்கி செய்தவர்களுக்கும் இரும்பின் சூட்டைச் சொன்னது கண்தான்!