பம்பாய்க்கு 16 ஆண்டுகள் முன்பே... செங்குன்றத்தில் ஓடிய ரயில்!

இந்தியாவின் முதல் ரயில் எங்கே ஓடியது? பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால், 'பம்பாய் - தாணே' என்று பட்டெனச் சொல்வார்கள். '1853 ஏப்ரல் 16' என்று தேதியையும் சேர்த்துச் சொல்வார்கள். ஆனால், அதற்கு 16 ஆண்டுகள் முன்பே, 1837-ல் நம்ம கள்ளிக்குப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும் செங்குன்றத்தில் தண்டவாளம் போட்டு வண்டி ஓட்டிவிட்டார்கள்!

கல் சுமக்க ஒரு பாதை

அந்த வண்டி ஆட்களை ஏற்றிச் செல்லவில்லை, கல் சுமந்தது. சென்னையில் சாலைகள் போட ஏராளமான கல் தேவைப்பட்டது. அது செங்குன்றத்துச் செம்பாறையில் கிடைத்தது. அதை நகரத்துக்குள் கொண்டு வருவதுதான் பெரும்பாடு. இரும்புத் தண்டவாளத்தில் சக்கரம் சுலபமாக உருளும் என்பதால், மண் சாலையில் இழுப்பதைவிடப் பல மடங்கு அதிக பாரத்தை இழுக்கலாம்.

இந்தத் திட்டத்துக்குப் பின்னால் இருந்தவர் பொறியாளர் ஆர்தர் காட்டன். கொள்ளிடத்தில் மேலணை கட்டிய அதே காட்டன்தான்! 1836-ல் சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தின் அருகே சிறிய பாதை போட்டுச் சோதித்துப் பார்த்தார்கள். மறு ஆண்டே செங்குன்றம் பாதை வந்தது. வில்லியம் ஏவரி தயாரித்த நீராவி இன்ஜினும் இதில் ஓடியது. என்றாலும், பெரும்பாலான நாட்களில் வண்டிகளை இழுத்தவை கால்நடைகள்தான்.

1840-களின் நடுவிலேயே இந்தப் பாதையின் கதை முடிந்துவிட்டது. ஆனால், யோசனை முடியவில்லை. கோதாவரியில் தவளேஸ்வரம் அணை கட்டியபோதும், கல் கொண்டுவரத் தண்டவாளம் போட்டார் காட்டன். பின்னாளில் அவரே, 'ரயிலைவிட நீர்வழிப் போக்குவரத்துதான் இந்தியாவுக்கு நல்லது' என்று வாதாடியது தனிக்கதை!

ஏன் மறந்துபோனோம்?

பம்பாய் ரயிலில் சுமார் 400 பேர் பயணித்தார்கள். செங்குன்றம் வண்டிக்கு டிக்கெட் கிடையாது, பயணிகள் கிடையாது, வழியனுப்ப யாரும் வரவும் இல்லை. அது சுமந்த கற்களும் சாலைகளுக்கு அடியில் போய்விட்டன. பிறகு நினைவில் எப்படி நிற்கும்?

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை, சுமார் 100 கி.மீ. ஓடத் தொடங்கியது. அந்தப் பாதை அம்பத்தூர், ஆவடி வழியாகப் போனது. செங்குன்றம் பக்கம் வரவில்லை. இன்றும் செங்குன்றத்துக்கு ரயில் நிலையம் கிடையாது. மின்சார ரயில் பிடிக்க அம்பத்தூருக்கோ, ஆவடிக்கோ பஸ் ஏறித்தான் வர வேண்டும். நாட்டின் முதல் கல் ரயில் ஓடிய ஊருக்கு இந்த நிலைமை!

இனி யாராவது 'முதல் ரயில் எது?' என்று கேட்டால், 'ஆள் ஏற்றியதா, கல் ஏற்றியதா?' என்று திருப்பிக் கேளுங்கள். ஆள் என்றால் பம்பாய்... கல் என்றால் நம்ம செங்குன்றம்!